எல்லா வரியிலும் டிக் போட்ட கணினி: எதை வைப்பது, எதை விடுவது?

மொரிஷியஸின் ரோஸ்ஹில் பக்கத்திலிருந்து ஒரு தமிழாசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அவர் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

பகலில் பள்ளி, மாலையில் கோவில் பள்ளி. பாடத்தாள், மதிப்பெண் பட்டியல், காவடி அழைப்பிதழ் எல்லாம் வீட்டிலிருக்கும் டெஸ்க்டாப்பில்தான். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததும், அண்ணன் மகன் அதை அழித்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13 போட்டுக் கொடுத்தார். மென்பொருள் தேர்வுத் திரை வந்தபோது, "பிறகு இல்லாமல் போய்விடக் கூடாது அத்தை" என்று எல்லா வரியிலும் டிக் போட்டார். அதன்பின் படிப்புக்காக பிரான்ஸ் போய்விட்டார்.

இப்போது சிக்கல்கள் வரிசையாக வந்திருக்கின்றன. ஒரு நாள் தமிழில் தட்டச்சு வருகிறது, மறுநாள் வருவதில்லை. ஒரே வேலைக்கு நாலைந்து நிரல்கள் இருக்கின்றன. 20 ஜிபி ஒதுக்கிய சிஸ்டம் பகுதி நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. அப்டேட் பாதியில் நிற்கிறது. வேண்டாத ஒரு பாட்டு நிரலை நீக்கப் போனபோது, கூடவே பல நிரல்கள் காணாமல் போயின. கடைக்காரர் ஒருவர் மூவாயிரம் ரூபாய்க்கு விண்டோஸ் 11-ம் ஆபீஸும் "ஃபுல் பேக்காக" போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அதற்குக் கொடுத்துவிடலாமா, இருப்பதையே சுத்தம் செய்யலாமா, எந்தெந்த பேக்கேஜ்களை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதிகளை) வைத்துக்கொள்ள வேண்டும், காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளைப் பள்ளி வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி சரியா என்பவை அவர் கேள்விகள்.

வணக்கம் அம்மா. உங்கள் கணினி கெட்டுப்போகவில்லை. வேலைக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்காமல் பட்டியலில் இருந்ததையெல்லாம் எடுத்ததன் விளைவுதான் இவ்வளவும். ஒரு சனிக்கிழமை மதியம் ஒதுக்கினால் சரிசெய்துவிடலாம், பணமும் பெரிதாகச் செலவாகாது.

உங்கள் அண்ணன் மகன் மனதில் இருந்த பயம் பலருக்கும் உண்டு. இப்போது எடுக்காவிட்டால் பிறகு கிடைக்காது என்று நினைத்துவிட்டார். டெபியன் 13-இன் களஞ்சியத்தில், அதாவது இணையத்தில் இருக்கும் அதன் மென்பொருள் கிடங்கில், 69,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. இணையம் இருக்கும் வரை அவற்றில் எதை வேண்டுமானாலும் எந்த நாளிலும் இரண்டு நிமிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்ப்பது சுலபம், பிரித்து எடுப்பதுதான் கஷ்டம். ஆகவே குறைவாகத் தொடங்கி, ஒரு வேலை வந்து நிற்கும்போது அதற்கானதைச் சேர்ப்பதே சரியான வழி.

இன்னொரு எண்ணத்தையும் கொஞ்சம் திருத்த வேண்டும். "நிறைய நிரல் இருப்பதால்தான் மெதுவாக ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாதிதான் உண்மை. திறக்காமல் வட்டில் கிடக்கும் நிரல் ரேமைத் தொடுவதில்லை. இடத்தை அடைக்கும், அப்டேட்டின் அளவைக் கூட்டும், அவ்வளவே. வேகத்தைக் குறைப்பவை, கணினியை இயக்கியதும் தாமாகவே எழுந்து ஓடும் சேவைகள். உங்கள் கணினியில், பிறருக்கு இணையப் பக்கங்களை வழங்கும் வெப் சர்வரும் எஸ்எஸ்எச் சர்வரும் இப்போது அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் தேர்வுத் திரையில் அந்த இரண்டு வரிகளும் உண்டு. வீட்டுக் கணினிக்கு இரண்டுமே தேவையில்லை. எஸ்எஸ்எச் சர்வர் வெளியிலிருந்து உள்ளே நுழைவதற்கான வழி. கடவுச்சொல் எளிதானதாக இருந்தால் அது ஆபத்தும்கூட.

தமிழ் ஏன் வந்து வந்து போகிறது?

அந்தத் திரையில் ஜினோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ, சினமன், மாட்டே, எல்எக்ஸ்டிஇ, எல்எக்ஸ்கியூடி என்று டெஸ்க்டாப் சூழல்கள் வரிசையாக இருக்கும். திரையின் தோற்றம், மெனு, அமைப்புகள் எல்லாம் சேர்ந்ததே ஒரு சூழல். இவை ஒன்றுக்கொன்று மாற்று. ஒரே ஆளுக்கு ஒன்று போதும். எல்லாவற்றையும் போட்டுவிட்டால் உள்நுழையும் திரையில் "எந்தச் சூழலில் நுழைகிறீர்கள்" என்று ஒரு சிறு பட்டியல் தோன்றும். கடவுச்சொல் அடிக்கும்போது அதில் ஒரு கிளிக் தவறி விழுந்தாலும் அடுத்த முறை வேறு சூழலில் போய் நிற்பீர்கள். வீட்டில் வேறொருவர் மாற்றிவிட்டுப் போயிருந்தாலும் அதே கதைதான்.

தமிழ்த் தட்டச்சு அமைப்பை உங்கள் அண்ணன் மகன் பெரும்பாலும் ஜினோமில் செய்திருப்பார். ஜினோமின் அமைப்பு கேடிஇ-க்கோ எக்ஸ்எஃப்சிஇ-க்கோ தெரியாது. ஆகவே ஜினோமில் நுழைந்த நாளில் தமிழ் வந்திருக்கும், மற்ற நாள்களில் வந்திருக்காது. மதிப்பெண் பட்டியலின் பிடிஎஃப் ஒரு நாள் ஒரு நிரலிலும் மறுநாள் வேறொன்றிலும் திறப்பதற்கும் இதுவே காரணம்: ஒவ்வொரு சூழலும் தனக்கென்று ஒரு பிடிஎஃப் வாசிப்பான், ஒரு கோப்பு மேலாளர், ஒரு டெர்மினல், ஒரு கடவுச்சொல் பெட்டகம் ஆகியவற்றைக் கொண்டுவருகிறது. நீங்கள் கேட்காமலே "வாலட்டைத் திறக்கக் கடவுச்சொல் கொடு" என்று ஒரு பெட்டி எழும்புவதாக எழுதியிருந்தீர்களே, அது கேடிஇ-யின் பெட்டகம்.

பாட்டு நிரலை நீக்கியதும் மற்றவை ஏன் போயின?

இதைப் புரிந்துகொண்டால் இனி எதையும் பயமில்லாமல் நீக்கலாம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "ஜினோம்" என்ற பெயரில் ஒரு பேக்கேஜ் உண்டு. அதற்குள் நிரல் எதுவும் கிடையாது. "இவை எல்லாம் சேர்ந்ததே ஜினோம்" என்று சொல்லும் பட்டியல் மட்டுமே. அப்படிப்பட்ட பட்டியல் பேக்கேஜ்கள் டெபியனில் நிறைய. பட்டியல் கட்டாயம் கேட்கும் ஒரு நிரலை நீங்கள் நீக்கினால், பட்டியல் பொய்யாகிவிடும். எனவே ஜினோம் என்ற பட்டியலும் சேர்ந்து நீக்கப்படும். அந்தக் கணத்தில் ஒரு கெடுதலும் நேராது, நிரல்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

கெடுதல் அடுத்த படியில் வருகிறது. எந்தப் பேக்கேஜை நீங்கள் கேட்டுப் போட்டீர்கள், எது வேறொன்றுக்குத் துணையாகத் தானாக வந்தது என்று டெபியன் கணக்கு வைத்திருக்கிறது. பட்டியல் போன பிறகு, அதற்குத் துணையாக வந்தவை எல்லாம் "யாருக்கும் தேவைப்படாதவை" ஆகிவிடும். அப்போது "இனித் தேவையில்லாத பேக்கேஜ்கள் உள்ளன, நீக்கவா" என்று கேட்கும். நீங்கள் இடம் கிடைக்குமே என்று சரி சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பதிலில்தான் பாதி ஜினோம் போனது.

இனி எதை நீக்கினாலும், பேக்கேஜ்களைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் நிரலான சினாப்டிக்கில் "செயல்படுத்து" அழுத்தியதும் வரும் சுருக்கத்தில் "நீக்கப்படுபவை" என்ற தலைப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். நீங்கள் சொன்னதைத் தவிர வேறு பெயர்கள், முக்கியமாக டெஸ்க்டாப் சூழலின் பெயர், அங்கே இருந்தால் ரத்து செய்துவிட்டு வெளியே வாருங்கள். வேண்டாத நிரல் மெனுவில் ஓர் ஓரமாகக் கிடப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை.

நீக்கிக்கொண்டே போவதா, புதிதாகப் போடுவதா?

ஆறேழு சூழல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது ஒவ்வொன்றாகப் பிரிப்பது அனுபவமுள்ளவருக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை. நீங்கள் டெபியனுக்கு மாறி அதிக நாள் ஆகவில்லை; இழக்க அமைப்புகளும் அதிகமில்லை. புதிதாகப் போடுங்கள் என்பதே என் ஆலோசனை.

அதற்கு முன் ஆவணங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். சிஸ்டம் பகுதி நிரம்பியதால் தடுமாறினால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலில் "சுடோ ஆப்ட் கிளீன்" என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பதிவிறக்கி வைத்த பேக்கேஜ் பிரதிகளை மட்டுமே அது அழிக்கும். மூச்சுவிட இடம் கிடைக்கும். பிறகு ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள், டெஸ்க்டாப் ஆகிய கோப்புறைகளை ஒரு பென் டிரைவிலும், இன்னொரு பென் டிரைவிலோ வெளி வட்டிலோ இரண்டாவதாகவும் நகலெடுங்கள். பயர்பாக்ஸின் புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் அதன் மெனுவிலிருந்தே தனித்தனிக் கோப்புகளாக ஏற்றுமதி செய்யலாம். கடவுச்சொல் கோப்பு யாரும் படிக்கக்கூடிய வடிவில் இருக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். நகலெடுத்த பின் பென் டிரைவை முறையாக வெளியேற்றி, வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்தே பாருங்கள். பெயர் தெரிகிறது என்பதால் கோப்பு நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

டெபியனின் நெட்இன்ஸ்ட் என்ற நிறுவல் கோப்பு 1 ஜிபிக்குள் அடங்கும். மீதியை நிறுவும்போதே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் கணினி ஒன்று கிடைத்தால் ரூஃபஸ் என்ற நிரலால் அதை ஒரு காலிப் பென் டிரைவில் எழுதுங்கள். எந்த முறையில் எழுதுவது என்று ரூஃபஸ் கேட்டால் டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். ஆவணங்களை நகலெடுத்த பென் டிரைவைத் தவறியும் இதற்குக் கொடுக்காதீர்கள், அது முழுதாக அழியும். நிறுவும்போது நெட்வொர்க் கேபிளில் இணைத்துவிட்டால் வைஃபை தொல்லையும் இல்லை.

நிறுவும் திரைகளில் தடுக்கும் இடங்கள்

மொழி ஆங்கிலம், நாடு மொரிஷியஸ் என்று தேர்ந்தெடுத்தால், அந்த இணைக்குத் தனி வட்டார அமைப்பு இல்லை என்று சொல்லி ஒரு பட்டியலைக் காட்டும். பிழை ஏதோ நடந்துவிட்டது என்று பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். பிரிட்டன் ஆங்கிலத்தைத் தேர்ந்துகொண்டு மேலே போகலாம்; நேர வலயம் மொரிஷியஸாகவே இருக்கும். தமிழிலேயே நிறுவ விரும்பினாலும் முடியும், வரைகலைத் திரையில் தமிழ் உண்டு.

கீபோர்டு கேட்கும்போது உங்கள் கைக்கடியில் இருப்பதைப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் பிரெஞ்சு அசெர்ட்டியும் கிடைக்கிறது, குவெர்ட்டியும் கிடைக்கிறது. மேல் வரிசையின் முதல் எழுத்து ஏ என்றால் பிரெஞ்சு, கியூ என்றால் அமெரிக்கன் அல்லது பிரிட்டிஷ். இங்கே தவறினால் நீங்கள் வைத்த கடவுச்சொல்லே பிறகு உங்களை உள்ளே விடாது. ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் இரண்டு பெட்டிகளையும் காலியாக விடுங்கள். அப்போதுதான் உங்கள் பயனர் பெயருக்கே நிர்வாக உரிமை கிடைக்கும்.

வட்டைப் பிரிக்கும் இடத்தில் "முழு வட்டையும் பயன்படுத்து", "எல்லாம் ஒரே பகுதியில்" என்ற வழியே உங்களுக்கு நல்லது. 20 ஜிபி சுவர் அதோடு போய்விடும். அதே திரையில் குறியாக்கத்தோடு பிரிக்கும் வழியும் உண்டு. பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் தொலைபேசி எண் எல்லாம் உங்கள் கணினியில் இருக்கின்றன. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விவரங்களை வைத்திருப்பவர்மேல் பொறுப்பைச் சுமத்துகிறது. கணினி திருடுபோனாலும் உள்ளிருப்பதை யாரும் படிக்க முடியாமல் செய்வது குறியாக்கம். ஆனால் அந்தக் கடவுத்தொடரை மறந்தால் உங்களாலும் படிக்க முடியாது, யாராலும் மீட்டுத் தரவும் முடியாது. காகிதத்தில் எழுதி வீட்டில் பத்திரமான இடத்தில் வைப்பீர்கள் என்றால் மட்டும் அதை எடுங்கள். இல்லையேல் பிள்ளைகளின் விவரப் பட்டியல் கோப்பை மட்டும் லிப்ரே ஆபீஸில் கடவுச்சொல்லோடு சேமியுங்கள்.

பேக்கேஜ் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சேர்கிறீர்களா என்ற கேள்வியும் வரும். உளவு பார்க்கிறார்களோ என்று கவலைப்பட்டிருந்தீர்கள். எந்தெந்த பேக்கேஜ்கள் பயன்பாட்டில் இருக்கின்றன என்பதை மட்டும் பெயரில்லாமல் வாரம் ஒருமுறை அனுப்புவது அது, கோப்புகளைத் தொடாது. டெபியனின் முதல் நிறுவல் சிடியில் எந்தப் பேக்கேஜ்களை வைப்பது என்று முடிவுசெய்ய அதைப் பயன்படுத்துகிறார்கள். "இல்லை" என்பதே முன்தேர்வு. மனதுக்கு ஒப்பாவிட்டால் அப்படியே விடுங்கள்.

அடுத்து அந்த மென்பொருள் தேர்வுத் திரை. அங்கே உங்களுக்கு மூன்று டிக் போதும்: "டெபியன் டெஸ்க்டாப் சூழல்", அதன் கீழ் "எக்ஸ்எஃப்சிஇ", கடைசியில் "நிலையான கணினிக் கருவிகள்". ஜினோமில் முன்பே டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். எழுத்துத் திரையில் நிறுவுவதானால் டிக் போட ஸ்பேஸ் பாரைத்தான் தட்ட வேண்டும். எண்டர் தட்டினால் தேர்ந்ததாக எண்ணாமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்; விரும்பாத ஜினோம் வந்து சேருவதற்கு இது வழக்கமான காரணம்.

ஏன் எக்ஸ்எஃப்சிஇ? உங்களிடம் 4 ஜிபி ரேம் இருக்கிறது. இணையப் பக்கங்கள் ஐந்தாறு திறந்தால் பயர்பாக்ஸ் மட்டுமே அதில் பெரும்பகுதியைக் கேட்கும். டெஸ்க்டாப் சூழல் எவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு உங்கள் வேலைக்கு மிஞ்சும். ஜினோமையும் கேடிஇ-யையும்விட எக்ஸ்எஃப்சிஇ எளிமையானது, விண்டோஸில் பழகியவருக்கு மெனுவும் கீழ்ப்பட்டையும் அந்நியமாகத் தோன்றாது. எல்எக்ஸ்கியூடி இன்னும் மெலிது. ஆனால் அமைப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். பழகும்வரை உங்களுக்கு எரிச்சலூட்டலாம்.

உங்கள் வேலைக்கு வேண்டிய பேக்கேஜ்கள்

எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேர்ந்தாலே பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், பிடிஎஃப் வாசிப்பான், பிரிண்டர் அமைப்பு, சினாப்டிக் ஆகியவை கூடவே வந்துவிடும். அதன்பிறகு சேர்க்க வேண்டியது ஒரு கைப்பிடிதான்.

தமிழுக்கு இரண்டு தேவை: பார்க்க எழுத்துரு, அடிக்க உள்ளீட்டுக் கருவி. சினாப்டிக்கில் நோட்டோ எழுத்துருக்களின் "கோர்" பேக்கேஜைத் தேடிச் சேருங்கள். லோகித் தமிழ் எழுத்துருவும் வேண்டுமானால் சேர்க்கலாம். உள்ளீட்டுக்கு ஐபஸ், அதோடு ஐபஸ்-எம்17என். இந்த இரண்டாவது பேக்கேஜில்தான் தமிழ் விசைப்பலகைகள் இருக்கின்றன, அதை விட்டுவிட்டு "ஐபஸ் போட்டும் தமிழ் வரவில்லை" என்று தவிப்பவர்கள் அதிகம். நிறுவியதும் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். ஐபஸ் அமைப்பைத் திறந்து, "உள்ளீட்டு முறை", "சேர்", "தமிழ்" என்று போனால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி எனப் பல வரும். நீங்கள் பழகியது எதுவோ அதை மட்டும் சேருங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால், மொழி மாற்றும் விசையைத் தட்டும்போதெல்லாம் அந்த வரிசை முழுவதையும் கடந்துதான் ஆங்கிலத்துக்கு வர வேண்டியிருக்கும்.

பிரெஞ்சு, ஆங்கிலக் கடிதங்களுக்கு எழுத்துப் பிழை பார்க்க ஹன்ஸ்பெல் அகராதிகளில் பிரெஞ்சையும் பிரிட்டன் ஆங்கிலத்தையும் சேருங்கள். பெற்றோருக்குக் கிரியோலில் எழுதும் பத்தி முழுதும் சிவப்புக் கோடு போட்டால், அந்தப் பத்தியைத் தேர்ந்து மொழியை "எதுவுமில்லை" என்று வையுங்கள்.

பழைய பாட நூல்களைத் தட்டச்சு செய்யவே மாலைகள் போய்விடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு டெசராக்ட் என்ற எழுத்துணரியும் அதன் தமிழ்த் தரவு பேக்கேஜும் பெரிய உதவி செய்யும். சினாப்டிக்கில் டெசராக்ட் என்று தேடினால் மொழிவாரியாக வரிசை வரும். தமிழை மட்டும் எடுங்கள், அத்தனை மொழியும் வேண்டாம். ஜிஇமேஜ்ரீடர் என்ற நிரல் வழியே அதைச் சுட்டிக் கிளிக்கிலேயே இயக்கலாம். பக்கத்தை 300 டிபிஐ-யில், நேராக, கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேன் செய்ய சிம்பிள் ஸ்கேன் போதும். வெளிவரும் உரையை மூலத்தோடு வைத்து ஒருமுறை வாசித்தே ஆக வேண்டும்: "ர"வும் துணைக்காலும், "ன"வும் "ண"வும் இடம் மாறியிருக்கும்.

காவடி அழைப்பிதழுக்கு லிப்ரே ஆபீஸ் டிராவே போதுமானது. படமும் அலங்காரமும் அதிகம் வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப்பைச் சேருங்கள், தமிழ் எழுத்து உடையாமல் வரும். பாட்டுக்கும் காணொளிக்கும் விஎல்சி ஒன்று. மாலைப் பள்ளிச் சிறுவர்களுக்கு ஜிகாம்ப்ரி நல்ல விளையாட்டுத் தொகுப்பு. உங்கள் எச்பி பிரிண்டருக்கு எச்பிலிப். சில மாடல்கள் அதோடு ஒரு செருகுநிரலையும் இணையத்திலிருந்து கேட்கும். காப்புப் பிரதிக்கு டேஜா டூப். வாரம் ஒருமுறை வெளி வட்டுக்கு நகலெடுக்கும்படி அமைத்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக இறங்க அனட்டெண்டட் அப்கிரேட்ஸ். இதோடு நிறுத்திக்கொண்டு ஒரு மாதம் வேலை செய்து பாருங்கள்.

களஞ்சியத்துக்கு வெளியே போகும்போது

ஜூம் போன்றவை டெபியன் களஞ்சியத்தில் இல்லை. முதலில் பயர்பாக்ஸிலேயே கூட்டத்தில் சேர முடிகிறதா என்று பாருங்கள். போதவில்லையென்றால் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டெபியனுக்கான கோப்பை எடுங்கள். வேறு எந்தத் தளமும் வேண்டாம். பேக்கேஜை நிறுவும்போது அது கணினியின் முழு உரிமையோடு இயங்குகிறது, எதையும் செய்யலாம். இன்னொரு லினக்ஸ் ஆன உபுண்டுவுக்கென்று தனியார் நடத்தும் பிபிஏ களஞ்சியங்களை டெபியனில் சேர்ப்பதும் கூடாது. இரண்டும் உறவுதான் என்றாலும், நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்புகளான நூலகங்களின் பதிப்புகள் வேறு. முதல் நாள் வேலை செய்யும், அடுத்த பெரிய அப்டேட்டில் முட்டிக்கொள்ளும்.

புயல் காலத்தில் ஒரு கவனம். இரண்டாம் வகுப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் பெரிய அப்டேட் எதையும் தொடங்காதீர்கள். பேக்கேஜ்களை அமைத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதி அமைந்தும் பாதி அமையாமலும் நிற்கும். அப்படி ஆகிவிட்டாலும் பதறாமல், மின்சாரம் வந்ததும் "சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ" என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடித்தால், விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொள்ளும்.

கடைக்காரர் சொன்ன வழியும் சட்டமும்

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் சிப்கள் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உங்களுடையது நான்காம் தலைமுறை. சோதனையைத் தாண்டி நிறுவுவது தொழில்நுட்ப ரீதியில் முடியும். ஆனால் அத்தகைய கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்று உறுதி இல்லை என மைக்ரோசாஃப்டே சொல்கிறது. விண்டோஸ் 10-ஐ விட்டதே அப்டேட் நின்றுபோனதால்தானே?

மூவாயிரம் ரூபாய்க்கு விண்டோஸ், ஆபீஸ் இரண்டும் உரிமத்தோடு வரும் என்பது நம்பத்தக்கதாக இல்லை. உரிமச் சாவி உங்கள் பெயரில் வருமா, ரசீதில் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். தயங்கினால் அது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. அவற்றை இயக்க உதவும் ஆக்டிவேட்டர் நிரல்கள் வைரஸ் தடுப்பை முதலில் நிறுத்தச் சொல்லும். பிள்ளைகள் விவரம் இருக்கும் கணினியில் அதை அனுமதிக்கவே வேண்டாம். 2014-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அனுமதியில்லாப் பிரதி குற்றம். பள்ளியின் பெயரில் தயாரிக்கும் தாள்கள் அதில் இருந்து வருவது உங்களுக்கும் பள்ளிக்கும் நல்லதல்ல.

காசு கொடுக்காமல் எடுத்ததால் டெபியனும் அப்படித்தானோ என்று கூச்சப்பட்டிருக்கிறீர்கள். தேவையே இல்லை. நான் மேலே சொன்ன டெபியன் பேக்கேஜ்கள் கட்டற்ற உரிமத்தில் வருபவை: பயன்படுத்தவும், நகலெடுக்கவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமம் எழுத்திலேயே அனுமதிக்கிறது. பள்ளி, கோவில், வீடு என்ற வேறுபாடும் இல்லை. அதே நிறுவல் பென் டிரைவை மற்ற மாலைப் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். டெபியன் 13-க்கு 2028 ஆகஸ்ட் வரை முழு ஆதரவும், அதன்பின் நீண்டகால ஆதரவு 2030 ஜூன் வரையும் உண்டு.

இவ்வளவு தேர்வே வேண்டாம், போட்டதும் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பார்க்கலாம். அதில் தேர்வுத் திரையே கிடையாது. அவர்களே தேர்ந்த ஒரு தொகுப்பு வரும். தமிழ் உள்ளீட்டை மட்டும் அங்கேயும் நீங்கள் சேர்க்க வேண்டியிருக்கும்.

அந்த மூவாயிரம் ரூபாயைச் செலவிட மனமிருந்தால் கடைக்காரரிடம் ரேம் கேளுங்கள். உங்கள் போர்டுக்குப் பொருந்துவது டிடிஆர்3; டிடிஆர்4 செருகவே செருகாது. இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஜிபி ஆக்கினால், பயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் ஒருசேரத் திறந்திருந்தாலும் கணினி திணறாது. வாங்குமுன் பெட்டியைத் திறந்து காலி இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய ரேமின் ஒட்டியை ஒரு படம் எடுத்துக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அதில் எழுதியிருக்கும் வேகத்துக்கு ஒத்ததாகக் கேளுங்கள்.